15 பிள்ளைகள் இருந்தால் போதுமா? ஓராங் அஸ்லி மாணவரும் ஆரம்பப் பள்ளியும்

[காட்சி: விடியற்காலை. மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் சாலை. இருபுறமும் செம்பனை. சேறு அப்பிய நான்கு சக்கர வண்டி ஒன்று, பின்னால் சீருடையில் பிள்ளைகள்.]

நம் வீட்டுப் பிள்ளை தமிழ்ப்பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது, காட்டுக்குள்ளே இருக்கும் தெமியார் என்ற பூர்வகுடிப் பிரிவின் கிராமத்துப் பிள்ளையும் இப்படியொரு வண்டியில் ஏறியிருக்கும். அந்த மக்களைச் சந்தையில் பெத்தாய்க் காய் விற்கும்போது பார்த்திருப்போம். பேசியிருக்கிறோமா? விலை மட்டும் பேசியிருப்போம்.

பாட்டி காலத்தில் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது. அடிமை என்ற வாடை அடிக்கும் பெயர். இங்கே சொல்லவில்லை, நம்மை ஒரு சொல்லால் அழைத்தால் நமக்குச் சுர்ரென்று ஏறுமே, அந்த மாதிரிச் சொல். ஓராங் அஸ்லி, அதாவது மலாயில் பூர்வகுடி மக்கள், என்பதுதான் சரி. தீபகற்ப மலேசியாவில் 18 பிரிவினர் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட் உட்புறத்தில் தெமியார், தாப்பா, பீடோர் பக்கம் செமாய்.

[காட்சி: ஆண்டு 1 வகுப்பறை. கரும்பலகையில் மலாய் எழுத்துகள்.]

இப்போது பள்ளியில் முதல் நாள். மலாய் தெரியாமலே நம் பிள்ளை ஆண்டு 1க்குப் போனாலும், ஆசிரியர் "சாப்பிட்டாயா?" என்று தமிழில் கேட்பார். தெமியார் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தெமியார் மொழி மலாயின் கிளை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது கெமர், வியட்நாமிய மொழிகளோடு ஒரே குடும்பம். பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தால் "மந்தம்" என்று எழுதிவிடுகிறோம். அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இதில் நாமும் இருக்கிறோம்.

[காட்சி: பழைய தோட்டப் பள்ளிக் கொட்டகையின் ஓவியம். திரையில் "10".]

1923இன் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் (தோட்டத்து எழுத்தர்) வாத்தியார். படிப்பு அரைகுறைதான், ஆனாலும் தமிழில் நடந்தது.

[திரையில் "15".]

அப்புறம் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். தேசியப் பள்ளியில், அதாவது மலாய்வழி அரசுப் பள்ளியில், 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும். பூர்வகுடி மொழிக்கும் அதே 15தான். ஆனால் அங்கே மட்டும் கூடவே ஒரு வால்: "நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால்". ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை என்று சொல்லிவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். அந்த வாலை மீறி, பள்ளிப் பாடமாக முறைப்படி உள்ளே வந்த ஓராங் அஸ்லி மொழி செமாய்.

சாப்பாடு, போக்குவரத்து விஷயத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. காலையில் சத்துணவுத் திட்டம் உண்டு. ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவா வண்டிக்கு ஏற்பாடு செய்கிறது. 1995இல் இந்தப் பிள்ளைகளின் கல்வி கல்வி அமைச்சின் பொறுப்புக்கு வந்தது. பிறகு இவர்களுக்கென்று மாற்றியமைத்த பாடத்திட்டமும் வந்தது.

[காட்சி: விடுதிக் கட்டில்கள். வரிசையாகச் சின்னச் செருப்புகள். பின்னணி இசை வேண்டாம்.]

ரொம்பத் தூரத்துப் பிள்ளைகளுக்கு அஸ்ராமா, அதாவது பள்ளி விடுதி. ஏழு வயதில் அம்மாவை விட்டு வந்து தங்க வேண்டும். 2015 ஆகஸ்டில் கிளந்தானின் குவா மூசாங் பகுதியில் ஒரு பள்ளி விடுதியிலிருந்து 7 பிள்ளைகள் காட்டுக்குள் ஓடினார்கள். அனுமதியில்லாமல் ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயம். 47 நாள் கழித்து இரண்டு பேர் மட்டும் உயிரோடு கிடைத்தார்கள். விடுதிக் காப்பாளர் தெமியார் பேசுபவரா, பிள்ளை அழுதால் யாரிடம் போய் அழும் என்பதெல்லாம் அதற்குப் பிறகும் சின்ன விஷயமாக எப்படித் தோன்ற முடியும்?

ஆண்டு 6 முடிந்து படிவம் 1, அதாவது இடைநிலைப் பள்ளி, போகும் இடத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். புதுப் பள்ளி, புது ஊர், மறுபடியும் புது முகங்கள். அதற்காகத்தான் கே9 பள்ளிகள். ஆண்டு 1 முதல் படிவம் 3 வரை ஒரே இடம், விடுதியோடு.

[காட்சி: வகுப்பறை. சின்ன நாற்காலிகளில் பெரியவர்கள்.]

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கெடாப் என்று சொல்வார்கள். பெற்றோருக்கான எழுத்தறிவு வகுப்பு. பகலில் பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே அம்மாவும் அப்பாவும் வந்து உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்கிறார்கள். அந்த 15 பெற்றோர் விதி நினைவிருக்கிறதா? கேட்பது என்றால் ஒரு மனு எழுத வேண்டும், கீழே பெயர் போட வேண்டும்.

[காட்சி: நோட்டுப் புத்தகம். ஒரு கை மெதுவாகத் தன் பெயரை எழுதுகிறது. பாதியில் நிறுத்தி, அழித்து, மறுபடி தொடங்குகிறது.]