பழைய லேசர் படகும் ஒரு குவளைத் தண்ணீரும்

வணக்கம். முதலில் இந்தக் குழியைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். படகின் மேல்தளத்தில், முன்பக்கம், கையை விட்டால் முழங்கை வரை இறங்குகிறது. பாய்மரத்தை இதற்குள்தான் நட வேண்டும். பாயில் அடிக்கிற காற்றின் விசையெல்லாம் கடைசியில் இந்தக் குழியின் அடியில்தான் வந்து இறங்கும். பழைய பந்தயப் படகு வாங்க நினைப்பவர்கள் பாயைப் பார்க்கும் முன், பெயின்டைப் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. நான் இருப்பது சேலம் கன்னங்குறிச்சியில், எங்கள் வீட்டு வாசலில். கடலில் இருந்து இவ்வளவு தூரத்தில் இந்தப் படகு எதற்கு என்று அத்தை தினமும் கேட்கிறார். சென்னையில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அத்தையிடமும் இதையேதான் சொன்னேன்.

படகின் பெயர் லேசர். ஒருவர் மட்டும் ஓட்டுவது, நீளம் 4.23 மீட்டர். 1996 அட்லாண்டா போட்டியில் இருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. இப்போது ஐ.எல்.சி.ஏ. என்கிறார்கள். உடல் ஒன்றுதான், ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பப் பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மாறும். பெரிய பாய் 7.06 சதுர மீட்டர், ரேடியல் என்ற சிறிய பாய் 5.76. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது ரேடியல்தான். இந்தியாவில் இருந்து பாய்மரப் படகுப் போட்டிக்கு ஒலிம்பிக் சென்ற முதல் பெண் அவர். என் எடைக்கும் ரேடியல்தான் சரிப்படும். விற்றவரிடம் இரண்டு பாயும் இருந்தது என் அதிர்ஷ்டம்.

சென்னையில் படகைப் பார்க்கப் போனபோது அது பளபளவென்று இருந்தது. நான் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தார். அதை இந்தக் குழிக்குள் ஊற்றினேன், இன்னும் இரண்டு குவளை வாங்கி விளிம்பு வரை நிரப்பினேன். பத்து நிமிடத்தில் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. “வெயிலில் வற்றியிருக்கும்” என்றார். பத்து நிமிடத்தில் எந்த வெயிலும் அவ்வளவு தண்ணீரைக் குடிக்காது. குழியின் அடியில் கசிவு இருக்கிறது, தண்ணீர் படகின் வயிற்றுக்குள் போகிறது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் நல்ல காற்றில் மரம் தளத்தைக் கிழித்துக்கொண்டு சாயும்.

ஆனாலும் வாங்கினேன். தளத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனேன், எங்கும் மெத்தென்று அமுங்கவில்லை. மரத்தின் இரண்டு துண்டுகளையும் கண்ணருகே பிடித்து நீளவாட்டில் பார்த்தேன், வளைவு இல்லை. மேல்துண்டு ரிவெட் அடித்த இடத்தில்தான் முதலில் முறியும், அங்கும் அரிப்பு இல்லை. நோய் ஒரே இடத்தில்தான். 1,40,000 ரூபாய் கேட்டவர், அந்த இரண்டு விரற்கடைக்காக 1,10,000க்கு இறங்கி வந்தார்.

14 அடி லாரியில் ஒன்றரை அங்குலம் மிச்சம் வைத்து ஏற்றிக்கொண்டு வந்தோம். வந்ததும் லீ பஜாரில் மண்டி வைத்திருக்கும் மாமாவின் தராசில் எடை போட்டேன். வெறும் படகு ஏறக்குறைய 59 கிலோ இருக்க வேண்டும். இருந்தது 67. எட்டு லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு யாராலும் பந்தயம் ஓட முடியாது.

பழுது பார்த்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழிக்குப் பக்கத்தில் தளத்தில் வட்டமாக வெட்டி, கை நுழைய வழி செய்தோம். டேபிள் ஃபேனை அதன் வாயில் வைத்து இரண்டு வாரம் இரவு பகலாக ஓட விட்டேன். பிறகு தண்ணீர்த் தொட்டி ஒட்டும் அண்ணன் ஒருவர் குழாயின் அடியைச் சுற்றி ஃபைபர் துணியும் எப்பாக்ஸியும் மூன்று அடுக்கு வைத்தார். வெட்டிய இடத்துக்குத் திருகு மூடி. வேறு கசிவு இருக்கிறதா என்று பார்க்க, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிவிட்டு, சிறு துளை வழியாக வாயால் ஊதுங்கள். கம்ப்ரசரை மட்டும் வைத்துவிடாதீர்கள், இணைப்பே பிளந்துவிடும். மறுபடி எடை போட்டபோது 61 கிலோ.

ஏற்காட்டு ஏரியில் ஏன் ஓட்டவில்லை என்று கேட்பீர்கள். அது சிறிய ஏரி, பெடல் படகுகள் நிறைய. மலைக்கு நடுவில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது. அதனால் முன்பே அனுமதி பெற்று, மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு, பண்ணவாடிப் பக்கம் கொண்டுபோனேன். 1934இல் அணை கட்டி முடித்தபோது பழைய ஊர்கள் தண்ணீருக்கு அடியில் போன இடம். நீர் வடியும்போது தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். அன்று இரண்டும் மூழ்கியிருந்தன. என் படகின் நடுப்பலகை தண்ணீருக்குள் முக்கால் மீட்டருக்கு மேல் இறங்கும். பரிசல்காரப் பெரியவர்தான் கையை நீட்டி, “அந்த இரண்டு பனைக்கு நேராகப் போகாதே அம்மணி, அடியில் கட்டடம் இருக்கிறது” என்றார். அவர் சொல்லாவிட்டால் பலகை அங்கேயே முறிந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். “தண்ணீர் கறுத்து வருகிறது பார், அது வந்து சேருவதற்குள் கயிற்றைப் பிடித்துக்கொள்.” சென்னையில் பயிற்சியாளர் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். காற்று அழுத்தி வரும் இடத்தில் சிற்றலை எழுந்து நீர் இருண்டு தெரியும். அந்தக் கறுப்பு வந்து தொட்டதும் உடலை வெளியே சாய்த்துப் பாயின் கயிற்றை இழுத்தேன். படகு தலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. சுக்கான் பிடி என் விரல்களுக்குள் நடுங்கிய நடுக்கம் இன்னும் கையிலேயே இருக்கிறது.

பாயை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் மாற்றும்போது கயிறு பின்மூலையில் மாட்டிக்கொண்டு படகு கவிழ்ந்தது. லேசரில் இது அடிக்கடி நடக்கும். மாறும் நொடியில் கயிற்றை வெடுக்கென்று ஒரு முறை இழுத்துவிட்டால் மாட்டாது. நான் அரை நொடி தாமதித்துவிட்டேன். நடுப்பலகை மேல் ஏறி நின்று எடையைக் கொடுத்ததும் நிமிர்ந்தது. நிமிர்ந்தவுடன் முதலில் குழியைத்தான் பார்த்தேன். மரம் அசையாமல் நின்றது.

இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரையேற்றினோம். பெரியவரும் அவர் மகனும் ஒரு பக்கம் தூக்கினார்கள். பின்பக்கத்து அடைப்பானைத் திருகி எடுத்தேன். உள்ளே போன தண்ணீரெல்லாம் இதன் வழியாகத்தான் வெளியே வரும். கீழே டீ டம்ளரைப் பிடித்தபடி நானும் அவர்களும் காத்திருந்தோம். இதோ, அந்தப் பதிவைக் காட்டுகிறேன் பாருங்கள். டம்ளரின் அடிகூட மறையவில்லை.