ஐந்தங்குல மாட்டுக்கு ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு மிருகங்களைச் சேர்க்கிறவர்கள் நம் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கென்று வாங்க ஆரம்பித்தது, பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகும் நிற்பதில்லை. மாடு, குதிரை, ஆடு, நாய், முயல் என்று ஐம்பது அறுபது சேர்ந்ததும் கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கிவிடுகிறோம். அப்படி நிற்கிற மாடு கடைச் சரக்கு மாதிரிதான் தெரியும். அதே மாட்டை ஓர் ஊரணிக் கரையில் தலை குனிந்து நிற்க வைத்துப் பாருங்கள், உயிர் வந்துவிடும். அந்த ஊரை, நம் செட்டிநாட்டு ஊராகவே, வீட்டில் எப்படிக் கட்டுவது என்று இன்று பார்க்கலாம்.

இது நமக்குப் புதிய கலை அல்ல. கொலுப் படிகளுக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்க வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி பார்க் கட்டுவது ஆச்சிமார்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் கொலு பத்து நாள் சமாச்சாரம். நாம் கட்டப்போவது வருஷக்கணக்கில் இருக்க வேண்டியது. ஈர மண் பலகையை நெளிய வைக்கும், முளைப்பாரி பத்தாம் நாள் பழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கொலுவின் கற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள், ஈரத்தை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலோர் தவறுகிற இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதலில் அழகான வீட்டைக் கட்டிவிடுகிறார்கள், பிறகு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது மாடி உயரத்துக்கு நிற்கிறது. முதலில் மிருகத்தை அளக்க வேண்டும். அது சொல்கிற அளவில்தான் ஊர் எழும்ப வேண்டும்.

1935-ல் தொடங்கிய ஜெர்மன் நிறுவனமான ஷ்லைக் செய்கிற பண்ணை மிருகங்களை எடுத்துக்கொள்வோம். அவை ஏறக்குறைய 1:20 அளவு. அதாவது உண்மையான உயரத்தில் இருபதில் ஒரு பங்கு. நான்கடி உயர மாடு தோளில் 6 சென்டிமீட்டர் இருக்கும், மூக்கிலிருந்து வால் வரை சுமார் ஐந்தங்குலம். உங்களிடம் இருப்பது எந்தக் கம்பெனி மாடானாலும் சரி, தோள் உயரம் 6-லிருந்து 7 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தும்: நிஜத்தில் ஓரடி, நம் ஊரில் ஒன்றரை சென்டிமீட்டர். இந்த ஒரு வரியைக் காகிதத்தில் எழுதி வேலை மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். ஏழடி நிலைக்கதவு பத்தரை சென்டிமீட்டர். பத்தடித் தூண் 15. ஐந்தடி நாலங்குல ஆள் 8 சென்டிமீட்டர். மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி மண் பொம்மைகளில் அந்த உயரத்தில் தேடினால் ஊருக்கு மனிதர்கள் கிடைப்பார்கள்.

ஜப்பானில் எபாக் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த சில்வேனியன் ஃபேமிலீஸ் போன்ற, மேலே பட்டு ரோமம் ஒட்டிய, சட்டை போட்டு இரண்டு காலில் நிற்கிற முயல் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. அவைதான் அந்த ஊரின் மனிதர்கள். பெரிய முயலின் உயரத்தைக் காதோடு அளந்து, அதில் கால் பங்கைக் கூட்டினால் கதவின் உயரம் கிடைக்கும். இந்த இரண்டு வகையையும் ஒரே தெருவில் கலக்காதீர்கள். சட்டை போட்ட முயல் மாட்டின் முதுகு உயரத்துக்கு நின்றால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

இனி இடம். கை எட்டும் ஆழம் இரண்டடிதான். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் விழுந்த ஆட்டை எடுக்க முன்வரிசையைத் தட்டிவிட வேண்டிவரும். நாலடிக்கு இரண்டடி பலகை போதும். 1:20 அளவில் அது எண்பதடிக்கு நாற்பதடி மனை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அறுபதடி அகலமும் நூற்றிருபதடி நீளமும் உள்ள நம் ஊர் வீடு ஒன்றை இந்த அளவில் முழுதாகக் கட்டினால் மூன்றடிக்கு ஆறடி, ஓர் ஆள் படுக்கிற கட்டில். ஆகவே முழு வீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். முகப்பை மட்டும் இரண்டடி அகலத்தில், ஆறங்குல ஆழத்தில், பின்சுவரோடு ஒட்டிக் கட்டுங்கள். திண்ணையும் தூண் வரிசையும் நடுவில் திறந்த நிலைக்கதவும் இருந்தால் போதும். கதவுக்குப் பின்னால் வளவின், அதாவது உள்முற்றத்தின், நிழற்படம் ஒன்றை ஒட்டி, அதன்மேல் ஒரு சின்ன விளக்கைப் போட்டால், வீடு இரண்டாங்கட்டு மூன்றாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருப்பது போலக் காட்டும்.

பலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். அடியில் ஒன்றரை அங்குல ரீப்பரால் சட்டம் அடித்து நடுவே ஒரு குறுக்குக் கட்டை கொடுங்கள். அந்த ஒன்றரை அங்குல இடைவெளியில்தான் விளக்கு வயர்கள் ஓடும். பிரைமரை இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். அட்டைச் சுவர் வளைவதற்கும் இதுவே காரணம். சுவருக்கு அட்டையைவிட 5 மில்லிமீட்டர் சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரைப் பலகை நல்லது. ஈரத்துக்கு அசையாது, கட்டரில் மூன்று இழுப்பில் வெட்டுப்படும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் விளிம்பு சாய்ந்துவிடும்.

பலகைமேல் 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் இரண்டு அடுக்கு. ஊரணி தோண்டத்தான் அந்த 5 சென்டிமீட்டர். முப்பதடிக்கு இருபதடி ஊரணியானால் 45-க்கு 30 சென்டிமீட்டர். ஒரு படிக்கு 1 சென்டிமீட்டர் உயரம் வைத்து, செம்பூரான் கல் நிறத்தில் ஐந்து படி இறக்குங்கள். கல்லின் துளைகளைக் காட்ட, சுவருக்குப் பூசுகிற பட்டியைப் பூசி அது பாதி காயும்போது பழைய பல்துலக்கியால் குத்தி எடுத்தால் போதும். தண்ணீருக்கு ரெசின் ஊற்றலாம். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கெட்டியாகும்போது ரெசின் சூடாகும், மொத்தமாக ஊற்றினால் அடியில் உள்ள தெர்மாகோல் உருகிக் குழி விழும். மழை நாளில் ஊற்றினால் மேற்பரப்பு பால் போல மங்கிவிடும். இந்தத் தொல்லை வேண்டாமென்றால், அடித்தளத்தில் நடுவில் கரும்பச்சையும் ஓரத்தில் செம்மண் பழுப்பும் தீட்டி, மேலே 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டை வைத்து, அதன்மேல் பளபளக்கும் வார்னிஷை மூன்று தடவை தூரிகையால் தட்டித் தட்டிப் பூசுங்கள். அலை தானாக வரும். நீலம் மட்டும் வேண்டாம். நம் ஊரணித் தண்ணீரில் நீலம் இல்லை.

மண்ணை வாசலிலிருந்தே எடுக்கலாம். செம்மண்ணை இரும்புச் சட்டியில் பத்து நிமிஷம் வறுத்தால் பூச்சி முட்டையும் ஈரமும் போகும். டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தரையில் பூசி, மண்ணைத் தூவி, காய்ந்த பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு நாலு பங்கு தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மருந்து சொட்டும் குழாயால் சொட்டவிடுங்கள். அந்தத் திரவம் சேர்க்காவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். செம்மண் பசை குடித்ததும் ஒரு நிழல் கருக்கும், அதனால் முதலில் துண்டு அட்டையில் சோதித்துப் பாருங்கள். கடைசியில் மேட் வார்னிஷ் கட்டாயம். இல்லையென்றால் வெள்ளை முயலின் பாதமெல்லாம் செம்மண் ஏறும், ரோமத்தில் ஏறிய மண் லேசில் போகாது.

கூரைதான் இந்த ஊரின் முகம். நாட்டு ஓட்டுக்குச் சாமான் கடைப் பெட்டி அட்டையைவிட நல்ல பொருள் கிடையாது. அட்டையின் ஒரு பக்கத் தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே அலை அலையாக இருக்கும் தாள் வெளிப்படும். அலைகளுக்குக் குறுக்காக 1 சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டி, அடிவிளிம்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பட்டையும் கீழ்ப்பட்டையை 3 மில்லிமீட்டர் மூடும்படி ஒட்டிக்கொண்டே உச்சிக்குப் போங்கள். மேலிருந்து கீழே ஒட்டினால் மழைத் தண்ணீர் ஓட்டுக்குள் போகிற மாதிரி இருக்கும். ஓடு வேய்ந்த வீட்டில் வளர்ந்த யாரும் அதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறம் ஒரே செங்கல் சிவப்பாக வேண்டாம். பத்தில் ஓர் ஓடு கருத்தது, ஒன்று புதிதாக மாற்றியது போல வெளிறியது, முற்றத்துப் பக்கம் பாசி பிடித்த சாம்பல் பச்சை.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். எட்டங்குலக் கல் இந்த அளவில் 1 சென்டிமீட்டர் சதுரம். நிழற்படம் எடுத்து அச்சடிப்பவர்கள் இங்க்ஜெட் அச்சைத் தவிர்க்க வேண்டும், வார்னிஷ் பட்டால் மை கசியும். அதைவிட நல்ல வழி ஒன்று ஆத்தங்குடிக்காரர்களிடமே இருக்கிறது. அங்கே வண்ணச் சிமென்டைக் கண்ணாடித் துண்டின்மேல் ஊற்றுகிறார்கள், கண்ணாடியைத் தொட்ட பக்கம்தான் பிறகு பளபளக்கும் மேற்பக்கமாகிறது. நாமும் அதையே செய்வோம். ஓஹெச்பி ஷீட் என்கிற, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தாளின் அடிப்பக்கத்தில் கோட்டை முதலில், பூவை அடுத்து, அடித்தளச் சிவப்பைக் கடைசியில் என்று தலைகீழ் வரிசையில் அக்ரிலிக் வண்ணம் தீட்டி, காய்ந்ததும் திருப்பி ஒட்டுங்கள். தூரிகைத் தடம் ஒன்றுகூடத் தெரியாது, திண்ணையில் நிற்கிற நாயின் நிழல்கூட லேசாக விழும். ஏ4 ஷீட் ஒன்றில் ஓரம் போக ஐந்நூறு கல்லுக்கு மேல் வரும், முகப்புக்கு இரண்டு ஷீட் போதும்.

சுவரின் வழுவழுப்புக்கு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் தேடிப் போக வேண்டாம். பட்டியை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசி, 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் இழைத்தாலே மின்னும். தூணுக்கு 10 மில்லிமீட்டர் உருட்டுக் குச்சி, பர்மாத் தேக்கு நிறம். பனைக்கு மட்டும் அளவை மீறலாம். ஐம்பதடிப் பனை 75 சென்டிமீட்டர் வந்துவிடும், அது வீட்டை அமுக்கும். 35 போதும். ஓலைக்கு, கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைகிறவர்களிடம் கழிவாக விழுகிற நறுக்குகளே சரியான பொருள், பனைக்குப் பனையோலை.

விளக்குக்கு 5 வோல்ட் எல்இடி சரம், மஞ்சள் வெளிச்சம். தனி எல்இடியை 9 வோல்ட் பேட்டரியில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கோயில் சீரியல் பல்பை தெர்மாகோல் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது.

இனி மிருகங்கள். வெளிநாட்டுப் பொம்மை மாடுகளுக்குப் பெரும்பாலும் திமில் கிடையாது. சிறாவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலை ஒரு மூலையில் அமைக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய குறை. ஒரே மாதிரி இரண்டு சேர்ந்துவிட்ட மாடு இருந்தால் மட்டும், ஒன்றை எடுத்து அதன் முதுகை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எம்சீல் என்கிற, பிசைந்து ஒட்டும் பசையில் திமில் பிடித்து, அக்ரிலிக் வண்ணம் தீட்டுங்கள். எனாமல் பெயின்ட் இந்த மென்மையான பிளாஸ்டிக்கின்மேல் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். அரிய பொம்மையில் கை வைக்காதீர்கள், அதன் மதிப்பே போய்விடும்.

இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாதது. இந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும். வெறும் தெர்மாகோல்மேல் மாடு மாதக்கணக்கில் நின்றால் குளம்பு அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தெர்மாகோல் முழுவதையும் ஃபெவிகாலில் நனைத்த செய்தித்தாள் இரண்டு அடுக்கால் மூடிவிட்டு மண் தூவ வேண்டும். கத்திரி வெயிலில் குதிரையின் மெல்லிய கால் வளைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் காலை மட்டும் ஒரு நிமிஷம் வைத்து நிமிர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முக்கினால் நின்றுவிடும். ரோம முயல்களுக்கு வெந்நீர் ஆகாது. அவை இருக்கிற ஊரில் சூப்பர் குளூ வகைப் பசையும் வேண்டாம், அதன் ஆவி ரோமத்தில் வெள்ளையாகப் படியும்.

ஜன்னல் வெயில் நேராக விழாத சுவரோரம் வையுங்கள். மேலே அக்ரிலிக் மூடி இருந்தால் வேலை பாதி. இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை மெல்லிய மேக்கப் தூரிகையால், கூரையிலிருந்து தரைக்கு, பின்னாலிருந்து முன்னால் என்று தட்டுங்கள். மைதா பசை எங்கேயும் கலந்திருக்கக் கூடாது, கரப்பான் அதைத் தேடி வந்து ஓட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எல்லாம் காய்ந்து, வார்னிஷ் வாடை முழுக்கப் போக ஒரு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகுதான் மாடுகளை இறக்க வேண்டும். முதல் மாட்டை ஊரணியின் மேல்படியில், தண்ணீரைப் பார்த்து.

வணக்கம்.