நிலத்தடிச் செல்வமும் நிலம் விற்ற பணமும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் சிங்கப்பூரின் லாப்ரடார் பூங்காவின் கடலோரத்தில் மாலையில் நடப்பவர்கள் எதிரே புக்கோம் தீவின் விளக்குகளைப் பார்த்திருப்பார்கள். 1961 முதல் அங்கே கச்சா எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. அதில் ஒரு சொட்டுகூட நம் மண்ணில் ஊறியதன்று. எண்ணெய் இல்லாத நாம் எப்படி வளர்ந்தோம் என்று பலரும் கேட்கிறார்கள். எண்ணெய் கிடைத்த நாடுகள் சில ஏன் தடுமாறின என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது எனக்கு எளிதாகத் தோன்றுகிறது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் 1959இல் மிகப்பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எரிவாயு விற்ற பணம் உள்ளே வர வர, அந்நாட்டு நாணயமான கில்டரின் மதிப்பு ஏறியது. நாணயம் வலுப்பெறுவதில் என்ன கேடு? தேக்காவில் நாணய மாற்றுக் கடைப் பலகையில் சிங்கப்பூர் வெள்ளிக்குக் கூடுதல் ரூபாய் என்று காட்டும் நாளில், ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் முகம் மலர்கிறது. அதே நாளில், துவாஸில் பொருள் செய்து வெளிநாட்டுக்கு விற்கும் ஆலைக்காரர், வாங்குவோர் விலையைக் கேட்டுத் தயங்குவதைக் காண்கிறார். நெதர்லாந்தின் ஆலைகள் பல இப்படித்தான் சந்தையை இழந்தன. 'தி எக்கனாமிஸ்ட்' வார இதழ் 1977இல் இதற்கு 'டச்சு நோய்' என்று பெயரிட்டது.

நவுரு கண்ட நோய் வேறு. 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பசிபிக் தீவு 1968இல் விடுதலை பெற்று, உரமாகப் பயன்படும் பாஸ்பேட்டை வெட்டி விற்று, சில ஆண்டுகளிலேயே தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசைக்கு வந்தது. சேமிப்புக்கென நிதியமும் வைத்திருந்தது. ஆனால், அந்தப் பணம் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடமாகவும் லண்டனில் தோல்வி கண்ட ஓர் இசை நாடகமாகவும் போயிற்று. கட்டடமும் 2004இல் கைமாறியது.

நார்வேயோ 1969இல் எண்ணெய் கண்டபின், 1990இல் எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்கும் நிதியத்துக்குச் சட்டம் இயற்றி, 1996இல் அதில் முதல் தொகையைச் செலுத்தியது. அந்நிதி முழுவதும் வெளிநாடுகளிலேயே முதலீடு செய்யப்படுகிறது. பணம் உள்ளே வந்து நாணயத்தின் மதிப்பை ஏற்றாததால், டச்சு நோய்க்கு அதுவே மருந்து. ஆண்டுதோறும் நிதியத்தின் மதிப்பில் சராசரியாக 4 விழுக்காட்டை மட்டும் செலவிடலாம் என்ற 2001ஆம் ஆண்டு நெறி, 2017இல் 3 விழுக்காடாயிற்று. ஆயினும், எண்ணெய்க்கு முன்பே நேர்மையான நிர்வாகம் வாய்த்த நார்வேயைக் காட்டி மற்றவர்களைக் குறைசொல்வது முறையன்று. 1966இல் மிக வறிய நாடாக விடுதலை பெற்று, மறு ஆண்டே ஓராப்பாவில் வைரம் கண்ட போட்ஸ்வானாவின் கதைதான் எனக்கு வலுவான சான்று. வருவாயில் பெரும்பங்கைப் பள்ளிக்கும் சாலைக்கும் செலவிட்டு, 1994இல் புலா என்னும் சேமிப்பு நிதியத்தையும் அது தொடங்கியது. ஆனாலும், வைரச் சந்தை சரிந்தால் கருவூலம் இன்னும் ஆட்டம் காண்கிறது.

நம்மிடம் இயற்கை வளமே இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். நிலம் இருக்கிறதே! அரசாங்கம் மனையை 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்றுப் பெறும் பணத்தை நிதியமைச்சர் அவ்வாண்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அது கடந்தகால நிதியிருப்பில், அதாவது முந்தைய ஆட்சிக்காலங்களில் சேர்ந்த சேமிப்பில், சேர்கிறது. அந்த இருப்பை முதலீடு செய்வதால் நீண்டகாலத்தில் எதிர்பார்க்கப்படும் வருவாயில் பாதி வரைதான் வரவுசெலவுத் திட்டத்துக்குள் வரும். பெயர்தான் வேறு, ஏற்பாடு நார்வேயினுடையதைப் போன்றதே.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இளந்தம்பதியர், நிலத்தின் விலை யாருக்காக இப்படிச் சேமிக்கப்படுகிறது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். நான்கை மூன்றாகக் குறைத்தபோது நார்வே மக்கள்முன் நின்ற கேள்வியும் ஏறத்தாழ அதுவே.

நன்றி, வணக்கம்.