பென்சிலில் எழுதிய எண்

நேயர்களுக்கு வணக்கம். பதிப்போவியம், அதாவது தகட்டிலோ துண்டிலோ கீறி, மை தடவித் தாளில் அச்செடுக்கும் ஓவியம் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் அதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். படத்துக்குக் கீழே, இடது ஓரத்தில், பென்சிலில் 7/20 என்று எழுதியிருக்குமே, அந்த எண். மொத்தம் இருபது தாள், அதில் இது ஏழாம் எண் தாள் என்று அர்த்தம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "டை நல்லா இருக்கிற வரைக்கும் நாங்க அடிச்சுக்கிட்டே இருப்போம், நீங்க ஏன் இருபதோட நிறுத்துறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாதி பதில் தகட்டிலேயே இருக்கிறது. செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறினால் கோட்டின் ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்பி நிற்கும், விரல் வைத்தால் சுருக்கென்று குத்தும். அது மையைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் கோடு வெல்வெட் மாதிரி கருப்பாக விழுகிறது. பிரஸ் உருளைக்கு அடியில் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் அந்தப் பிசிறு நசுங்கும், பத்து இருபது தாளுக்குள் கோடு வெளிறிப் போய்விடும்.

மீதிப் பாதி, வாக்கு. தகட்டில் அமிலத்தால் கோட்டை அரித்தெடுக்கும் எச்சிங், லினோலியத் துண்டைச் செதுக்கி அச்சிடும் லினோகட் எல்லாம் இன்னும் நிறையத் தாங்கும், நூறுகூட எடுக்கலாம், ஆனால் இருபது என்று எழுதிவிட்டால் இருபதுதான். ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் இரண்டு மூன்று தனி, அதில் ஏ.பி. என்று எழுதுவோம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் காலத்தில் இப்படி எண் போடும் வழக்கமே இல்லை. அவர் 1669-ல் இறந்த பிறகும் அவருடைய தகடுகள் கைமாறிக்கொண்டே போய், தேய்ந்த இடத்தை மறுபடி கீறிச் சரிசெய்து, 1800-களிலும் அச்சிட்டார்கள். அதனால்தான் அவர் படம் என்றாலும் அந்தத் தாள் எப்போது எடுத்தது என்று கேட்காமல் யாரும் விலை பேசுவதில்லை.

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போன வருஷம் அதை ஒரே லினோ துண்டில் ஐந்து நிறத்தில் செய்தேன். முதலில் வெளிர் மஞ்சளை எல்லாத் தாளிலும் அடித்து, அதே துண்டை இன்னும் செதுக்கி அடுத்த நிறம், மறுபடி செதுக்கி அதற்கடுத்தது. பிக்காஸோ 1959 வாக்கில் இந்த முறையில் நிறையச் செய்தார். செதுக்கினது செதுக்கினதுதான், பழைய நிறத்துக்குத் திரும்ப வழியே கிடையாது, அதனால் எத்தனை தாள் என்பதை முதல் நாளே முடிவு பண்ண வேண்டும். 24 தாளில் தொடங்கினேன். மழை நாளில் மை காயாமல் இரண்டு போயின, பச்சை நிறம் அரை மில்லிமீட்டர் விலகி ஐந்து போயின. கடைசியில் கையில் 17. அதனால் 17 என்றே எழுதினேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கண்ணாடி போட்ட படம் ஒன்றை "எச்சிங், லிமிடெட் எடிஷன்" என்று நல்ல விலை கொடுத்து வாங்கி, என்னிடம் காட்டக் கொண்டுவந்தார். சட்டத்திலிருந்து கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படம் முழுக்க நாலு நிறப் புள்ளி, 3/100 என்ற எண்ணும் கையெழுத்தும்கூடப் புள்ளிதான். ஆஃப்செட் அச்சு எந்திரத்தில் அடித்த போஸ்டர். அம்மா ஒன்றும் பேசாமல் அதை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. தயவுசெய்து சட்டத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எச்சிங் என்றால் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாக அழுந்தியிருக்கும், பின்பக்கம் விரலால் தடவினாலே தெரியும். பென்சில் எழுத்து சாய்த்துப் பிடித்தால் பளபளக்கும். அப்புறம், 1/20-தான் உசத்தி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காயவைக்கும்போதே தாள்கள் இடம் மாறிவிடும், அச்சிட்ட வரிசையில் எண் விழும் என்று இல்லை.

எல்லாத் தாளும் எடுத்து முடிந்ததும் தகட்டுக்குக் குறுக்கே கோடு கிழித்துவிடுவோம், இனி யாரும் அதில் அச்செடுக்கக் கூடாது என்று. சேர்வராயன் கோயில் மேட்டை எச்சிங்காகச் செய்த தகட்டில் மூன்று மாத வேலை இருந்தது, மூலைக்கு மூலை ஊசியை இழுக்கக் கை வரவில்லை, காபி குடித்துவிட்டு வந்துதான் இழுத்தேன். கிழித்ததற்குச் சாட்சியாக அதிலிருந்து ஒரே ஒரு தாள் எடுத்தேன். பட்டறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன், நீங்கள் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன்.