கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட முகம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். பழைய புகைப்படங்களைப் பற்றிப் பேசுமாறு வாசகர் வட்டத்தார் கேட்டுக்கொண்டபோது, எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். எங்கள் கூடத்துச் சுவரில், உத்தரத்தை ஒட்டி, கயிற்றால் கட்டி முன்பக்கமாகச் சாய்த்துத் தொங்கவிட்ட ஏழு சட்டங்கள் இருந்தன. அந்தச் சாய்வின் மறைவில் ஆண்டுதோறும் சிட்டுக்குருவி கூடு கட்டும். குஞ்சுகள் பறந்து போகும்வரை ஒட்டடைக் கம்பை அந்தப் பக்கம் யாரும் கொண்டுபோகக் கூடாது என்பது என் தந்தையின் தாயாரான அப்பாயியின் கட்டளை.

நான்காவது சட்டத்தில் என் அத்தை இருந்தார். என் தந்தையின் தங்கையான அவருக்கு 1956ஆம் ஆண்டு வைகாசி மாதம் மஞ்சள் நீராட்டு நடந்தபோது எடுத்த படம் அது. பக்கவாட்டில் அமர்ந்து முகத்தை மட்டும் நம்மை நோக்கித் திருப்பியிருப்பார். அவருக்குப் பின்னால் நிறுத்திய பெரிய நிலைக்கண்ணாடியில், பூ வைத்துத் தைத்த சடை உச்சி முதல் குஞ்சலம் வரை முழுவதுமாகத் தெரியும். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் பலருடைய வீட்டில் இப்படி எடுத்த படம் ஒன்று இருக்கும். மல்லிகை மொட்டு விரிவதற்குள் தைத்து முடிக்க வேண்டும். ஸ்டுடியோக்காரருக்கோ கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் பகல் வெளிச்சம் வேண்டும். ஆகவே, விடியலில் பறித்த மொட்டுகளை வாழைப்பட்டையில் ஊசியால் தைத்து, தாழம்பூவோடு சேர்த்துச் சடையில் வைத்துக் கட்டி, உச்சிப்பொழுதுக்குள் மாட்டுவண்டியில் திருவாரூருக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. எத்தனை பெண்களுடைய கைகள் ஒன்றுகூடி அந்த ஒரு படத்தை உண்டாக்கின என்பதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958இல், அத்தை காய்ச்சலில் இறந்துபோனார். நான் பிறந்தது 1962இல். நான் அறிந்த அத்தை அந்தச் சட்டத்துக்குள் இருந்தவர் மட்டுமே.

1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரையைக் கடந்தது. அந்த இரவின் கொடுமையை நேரில் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்; நான் அதை விரிக்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக் கூரையின் ஒரு பகுதி போயிற்று; சட்டங்கள் ஏழும் நனைந்தன. நீர் வடிந்தபின், படங்களைக் காயவைத்துக் காப்பாற்றிவிடலாம் என்ற ஆசையில், பதினைந்து வயதுச் சிறுவனாகிய நான் அத்தையின் படத்தைக் கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்தேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் காகிதத்துக்கு மேல் ஜெலட்டின் என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. நாம் பார்க்கும் உருவம் அந்தப் படலத்துக்குள் படிந்திருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. நனைந்தால் ஜெலட்டின் ஊறி உப்பும். காயும்போது தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியை இறுகப் பற்றிக்கொள்ளும். அந்த நிலையில் உரித்தால் உருவம் காகிதத்தை விட்டுக் கண்ணாடியோடு போய்விடும். உரிக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே அதைப் படமெடுத்திருக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அத்தையின் முகம் கண்ணாடியில் சிதைந்து ஒட்டிக்கொண்டது. என் கையிலிருந்த காகிதத்தில் மிஞ்சியது நிலைக்கண்ணாடியில் தெரிந்த சடை ஒன்றுதான்.

நெகட்டிவ் கிடைக்கும் என்று நம்பி, அந்த ஸ்டுடியோவைத் தேடித் தந்தையார் போனார். நெகட்டிவ்களாக இருந்த பழைய கண்ணாடித் தகடுகளை எல்லாம் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, படங்களுக்குச் சட்டம் போடப் பயன்படுத்திவிட்டதாக அங்கே சொன்னார்கள். அவர்களை நான் குறை கூற மாட்டேன். நம் ஊர்களில் பல ஸ்டுடியோக்களில் இதுவே நடந்தது. அப்படி அழிந்தவை போக எஞ்சியவற்றைத் தேடி, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு மின்னுருவாக்கிக் காத்திருக்கிறார்கள். அப்பணிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் படத்தில் இருப்பவர் யார் என்பதை அந்தந்த வீட்டார்தாம் சொல்ல முடியும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். கோயில் ஆடல்மகளிரின் குடியிருப்பான தளிச்சேரியில் இராசராசன் குடியேற்றிய நானூறு பெண்களை, இன்ன கோயிலிலிருந்து வந்த இன்ன பெயருடையவர் என்று ஒவ்வொருவராகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பெயர்கள் நிற்கின்றன, முகங்கள்தாம் இல்லை. நம் வீட்டுப் பெட்டிகளிலோ முகங்கள் கிடக்கின்றன. இரண்டு தலைமுறைக்குள் பெயர்கள் போய்விடுகின்றன.

சடை மட்டும் மிஞ்சிய அந்தக் காகிதத்தை அப்பாயியின் கையில் கொடுத்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். "அம்புட்டுப் பூவையும் வச்சுக் கட்டுனதுல கழுத்து வலிக்குதுன்னு வண்டியிலயே அழுதுட்டா. ஆடாம இருன்னு அந்த ஆளு சொன்னதும் மூச்சக்கூட விடல. திரும்பி வர்றப்ப என் மடியிலயே தூங்கிட்டா." அதுவரை எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றி யாரும் பேசியதில்லை, இளவயதில் இறந்த பெண்ணைப் பற்றிப் பேசினால் அப்பாயி தாங்கமாட்டார் என்று எல்லோரும் ஒதுங்கியிருந்தார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் இருபது ஆண்டுகளாகக் காத்திருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அன்று முதல், 1984இல் அவர் கண்மூடும்வரை, ஒவ்வொரு படமாக அவரிடம் காட்டிக் கேட்டேன். கேட்டதைப் படத்தின் முதுகில் எழுதினேன். பேனா மை காகிதத்தில் ஊறி முன்பக்கம் கசியும் என்பதால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதினேன்.

அத்தையின் படம் எடுத்த அதே நாளில் எடுத்த குடும்பப் படத்தின் இடது ஓரத்தில், குடை பிடித்த கை ஒன்று மட்டும் தெரிந்தது. அது யாருடைய கை என்று கேட்டேன். எங்களை வண்டி ஓட்டி அழைத்துப் போனவர், எங்கள் நிலத்தில் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் என்று அப்பாயி சொன்னார். சட்டத்துக்கு அடங்கவில்லை என்று அவரைக் கத்தரித்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் என்னிடம் வந்து, "எங்க தாத்தா படம் உங்க வீட்டுல ஏதாச்சும் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டார். அவருக்கு நான் காட்ட முடிந்தது அந்தக் கையை மட்டுமே. கத்தரித்தது எங்கள் வீடு. அந்தப் பிழைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஒரு படி கொடுத்தபோது, கையின் மணிக்கட்டில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்து, தம் தந்தைக்கும் அதே இடத்தில் அதே பச்சை இருந்தது என்றார். அவருடைய தாத்தாவின் பெயரையும் அந்தப் படத்தின் முதுகில் எழுதியிருக்கிறேன்.

அத்தையின் படத்தை இன்று கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் விரும்புவோர் பார்க்கலாம். முன்பக்கத்தில் ஒரு சடை மட்டும் இருக்கும், திருப்பிப் பாருங்கள். அத்தையின் பெயரும், 1956 வைகாசி என்ற குறிப்பும், அவற்றின் கீழே அப்பாயி சொன்னபடியே, "கழுத்து வலித்தது, அழுதாள், மடியில் தூங்கினாள்" என்று பதினைந்து வயதுப் பையனின் கையெழுத்தும் இருக்கும்.