இழுத்து வந்தவரும் தேடி வந்தவரும்

(குடியரசு நாளை ஒட்டி, காரைக்குடியில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வராந்தாவில் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். "ஐயா, சிங்கப்பூரில் எல்லாப் பையன்களும் ரெண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தே ஆகணும். இங்கேயும் காலேஜில் சேர்கிற எல்லாருக்கும் ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் என்ன?" என்று கேட்டார். அவருடைய பெரியப்பா மகன் அங்கே அந்தச் சேவையை முடித்தவராம். செட்டிநாட்டில் இந்தக் கேள்வி இந்த வழியாகத்தான் வரும். கொண்டுவிற்கக் கடல் தாண்டிப் போன ஊர்க்காரர்கள் நாம். உறவு அங்கேயும் இருக்கிறது. நான் எழுதிக் கொண்டுவந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். அந்தத் தம்பிக்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு என் பேச்சு.

பயிற்சி நல்லதா என்றால், நல்லது. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தில் பதினேழு வருடம் என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படையின் ஒரு கம்பெனியைக் கவனித்தவன் நான். முதல் பெரேடுக்கு வரும் பையனுக்கு இடது கால் எது, வலது கால் எது என்பதே தடுமாறும். இந்தி ஆணையில் 'சாவ்தான்' என்றால் நிமிர்வதா, 'விஸ்ராம்' என்றால் நிமிர்வதா என்று பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பான். மூன்று மாதம் போகட்டும். அதே பையன் பூட்ஸில் முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டு, பெல்ட்டின் பித்தளையை பிராஸோ வைத்துத் துலக்கி, காலை ஆறு மணிக்கு எனக்கு முன்னால் மைதானத்தில் நிற்பான். பத்து நாள் முகாமுக்குப் போய்வந்தால் இன்னும் மாறிவிடுவான். அங்கே அவனவன் தட்டை அவனவன்தான் கழுவ வேண்டும். கூடாரத்துக்குள் யார் என்ன சாதி, யார் வீட்டு வாசலில் கார் நிற்கிறது என்பதெல்லாம் இரண்டு நாளில் மறந்துபோகும். பாயிண்ட் 22 துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது முதலில் கை நடுங்கும். அப்புறம் மூச்சைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொள்வான். வரைபடம் பார்ப்பது, காயம்பட்டவருக்குக் கட்டுப்போடுவது எல்லாம் வாழ்நாள் முழுக்கக் கூட வரும்.

என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பெண், மூன்று வருடம் பெரேடுக்கு வந்து சி சான்றிதழ் வாங்கினார். அந்தச் சான்றிதழ் நல்ல தரத்தில் இருந்தால், ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதாமலே நேராகத் தேர்வு வாரியத்தின் முன்னால் போய் நிற்கலாம். அப்படித்தான் அவர் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குள் நுழைந்தார். அவருடைய அப்பா வாரச்சந்தையில் காய்கறி விற்பவர். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இவ்வளவு நல்லது என்றால் எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிட வேண்டியதுதானே? ஆக்கிப் பார்த்தார்கள், தம்பி. நான் அதற்குள் இருந்தேன்.

1948-ல் சட்டம் போட்டுத் தொடங்கிய தேசிய மாணவர் படை, ஆரம்பத்தில் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான். 1962-ல் சீனப் போர் வந்தது. நாடே கலங்கிப்போயிருந்த நேரம். அடுத்த வருடமே, 1963-ல், என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். நான் 1965-ல் பி.யு.சி., அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய ஒரு வருடப் படிப்பில், சேர்ந்தேன். எந்தக் கல்லூரி என்று இங்கே சொல்ல வேண்டாம். உடம்புக்குப் பொருந்தாத காக்கி டிராயர், கஞ்சி போட்டு விறைத்தது. நூற்றுக்கணக்கான பையன்களுக்கு ஒரே ஒரு ஹவில்தார். துப்பாக்கி கைக்கு வர வரிசையில் நிற்க வேண்டும். முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் நின்றவனுக்குப் பிடிக்கவில்லை, அவனுக்கு வருகைப் பதிவு மட்டும் விழுந்தால் போதும். வராதவனுக்காக ஒருவன் குரலை மாற்றி 'எஸ் சார்' சொல்லுவான். எங்கள் அதிகாரி, வேதியியல் நடத்திக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர். அவரையும் இழுத்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள். மனசில்லாதவர் மனசில்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் மைதானத்தில் புழுதி மட்டும்தான் கிளம்பும்.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஆசைப்பட்டு வந்த பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். அந்தக் கூட்டத்தில் எங்களுக்கும் பயிற்சி கிடைக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் நான் சுட்டது மூன்றே மூன்று தோட்டா.

1965 என்றதும் என் வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். இந்தி எதிர்ப்புப் போராட்டம். காலையில் ஊர்வலம் போன அதே மாணவன், மாலையில் மைதானத்தில் இந்தி ஆணைக்குக் கால் மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கசப்பு சும்மா போய்விடவில்லை. 1968 ஜனவரி 23-ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்தி ஆணைச் சொற்களை விலக்க வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. நான் பின்னாளில் அதிகாரியாக இருந்தபோது யோசித்திருக்கிறேன். தானாகச் சேர்ந்த பையனுக்கு 'தாஹினே முட்' (வலப்பக்கம் திரும்பு) வெறும் சொல்; ஒரு வாரத்தில் பழகிக்கொள்கிறான். பிடித்து நிறுத்திய பையனுக்கு அதே சொல் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது.

அந்த 1968-லேயே கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஒரு செய்தி சொல்லவேண்டும்: மாணவர் தேசிய சேவையைக் கட்டாயமாக்கலாம் என்று 1959-ல் தேஷ்முக் குழு சொன்னது. அதற்குப் பிறகு கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து, விருப்பத்தின் பேரிலேயே இருக்கட்டும் என்று பரிந்துரைத்தார். ஆக, என்.சி.சி.யைக் கட்டாயமாக்குவதற்குச் சில வருடம் முன்னாலேயே விடை கையில் இருந்தது.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். 1965-ல் தனிநாடான ஒரு சின்னத் தீவு. தனக்கென்று பெரிய படை இல்லை. 1967-ல் அவர்கள் கட்டாய சேவையைக் கொண்டுவந்தது, வேறு வழி இல்லாததால். தென்கொரியாவிலும் கட்டாய சேவை உண்டு; அவர்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் வடகொரியா. நம் நாட்டில் ஆள் பஞ்சமா? ஓர் ஆள்சேர்ப்பு முகாம் நடந்தால் போய்ப் பாருங்கள். இருக்கிற இடங்களைப் போலப் பல மடங்கு பையன்கள் முதல் நாள் இரவே வந்து மைதானத்து வெளியில் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களை யாரும் இழுத்து வரவில்லை. கட்டாயப்படுத்தச் சட்டம் இடம் தராது என்று நான் சொல்லவில்லை. பொது நோக்கத்துக்காகக் கட்டாய சேவை விதிக்க அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அழைக்கும்போது நாட்டுக்குச் சேவை செய்வது கடமை என்று 51ஏ பிரிவும் சொல்கிறது. நாளைக்கு அப்படி ஓர் ஆபத்து வந்து நாடு அழைத்தால் போகத்தான் வேண்டும். ஒழுங்கு கற்றுக்கொடுப்பதற்காக அந்த அதிகாரத்தை எடுத்து நீட்ட வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று நம் ஊரிலேயே பார்க்கலாம். தைப்பூசத்துக்குக் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கின்றன. எத்தனை தலைமுறையாக நடக்கிறது! யாராவது வருகைப் பதிவு எடுக்கிறார்களா? இருந்தும் சொன்ன நேரத்துக்குக் காவடி எழும்புகிறது, சொன்ன இடத்தில் சோறு தயாராக இருக்கிறது, கால் கொப்புளித்த வயசாளிக்கு யாரோ ஒரு பையன் தோள் கொடுக்கிறான். வீட்டில் தண்ணீர் செம்பைக்கூட எடுத்து வைக்காத பையன் அவன். அவனாக வந்ததால் செய்கிறான். நேதாஜியின் படைக்கு மலேயாவிலும் பர்மாவிலும் திரண்ட தமிழர்களும் அப்படித்தான். 1943-ல் ஜான்சி ராணி படைப்பிரிவில் துப்பாக்கி ஏந்திய ரப்பர் தோட்டத்துப் பெண்களை எந்தச் சட்டமும் அழைக்கவில்லை.

அதனால் நான் கேட்பது வேறு. கதவை அகலமாகத் திறந்து வையுங்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்.சி.சி. என்ற பெயரே எட்டாத கிராமத்துப் பள்ளிகள் இருக்கின்றன. சேர ஆசைப்பட்டு, இடம் இல்லை என்று திரும்பும் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பையன், "அடுத்த வருஷமாவது எடுத்துக்குவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, அழுகையை மறைக்கத் திரும்பி நின்றான். விருப்பமில்லாத ஆயிரம் பேருக்குச் சட்டை தைக்கிற பணத்தில் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு யூனிட் கொடுக்கலாம். அரசாங்கத்தைப் பார்த்து நான் வைக்கும் கோரிக்கை இதுதான்.

சீருடை போடாதவர்கள்? அவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லையா?

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. நாடு விடுதலை பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1948 ஜூலை 25-ல் நேரு காரைக்குடிக்கு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். அன்றைக்கு 15 லட்சம் என்றால் என்னவென்று உங்கள் அப்பத்தாவைக் கேளுங்கள். மின்கலம் செய்வது எப்படி, உப்புக்காற்றில் இரும்பு அரிக்காமல் காப்பது எப்படி என்று அங்கே ஆராய்கிறார்கள். பாலம் நிற்பதற்கும் கப்பல் ஓடுவதற்கும் அந்த அறிவு வேண்டும். இங்கே வேதியியல் படிக்கும் பிள்ளைகள் உண்டு. நீங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு எண்ணைப் பொய்யாக எழுதாமல் இருப்பதும் எனக்கு நாட்டுப்பற்றுதான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைத்துக் கிடந்தன. அரிவாளோடும் ரம்பத்தோடும் முதலில் இறங்கியவர்கள் அந்தந்த ஊர்ப் பையன்கள். பதினெட்டு வயதானால் ரத்தம் கொடுக்கலாம், ஓட்டுப் போடலாம். இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் ஊருணி. நம் முன்னோர்கள் ஊரை அமைக்கும்போதே ஊருணியையும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் சேர்த்து அமைத்தார்கள். வீட்டு வளவின் முற்றத்தில் விழுந்த மழையைக்கூட அண்டாவில் பிடித்தவர்கள் அவர்கள். இன்றைக்கு வரத்துக்காலில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, கரையில் சீமைக்கருவேலம். சுதந்திர தினத்தன்று சட்டையில் கொடி குத்திக்கொண்டு அந்தக் கரையில் நின்று செல்ஃபி எடுக்கிறோம். பொதுச் சொத்தைக் காப்பதும் நீர்நிலையைக் காப்பதும் அதே 51ஏ பிரிவில், நாட்டைக் காக்கும் கடமையோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. எல்லையில் நிற்கிறவர் காப்பது இந்த மண்ணைத்தானே? திருவாடானை வட்டம் கடுக்கலூரில் பிறந்த ஹவில்தார் பழனி, 2020 ஜூன் 15 இரவு லடாக் எல்லையில், கல்வானில், உயிரைக் கொடுத்தார். தேவகோட்டைக்குத் தெற்கே, நம் மண்ணைப் போலவே மழையை நம்பியிருக்கும் கண்மாய்ச் சீமை அது. அவர் ஊர்ப் பக்கத்துக் கண்மாயை நாம் தூர்ந்துபோக விட்டால், அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

கேள்வி கேட்ட தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். சரி. உங்கள் கல்லூரியில் யூனிட் இருக்கிறது. கல்வியாண்டு தொடங்கியதும் சேர்க்கை நடக்கும், ஓடச் சொல்லிப் பார்ப்பார்கள். இப்போதிருந்தே ஓட ஆரம்பியுங்கள். நான் தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊருணிக் கரையில் நடக்கிறேன். கரையை நாலு சுற்று ஓடிவிட்டு வாருங்கள். வரத்துக்கால் பக்கம் அரை மணி நேரம் வேலை இருக்கிறது, மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன். வணக்கம்.