திரும்பி வரும் கலம் எவ்வளவு சுடும்?

வணக்கம் நேயர்களே. சூலூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ராக்கெட் ஏறுவதை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது பழகிப்போன விஷயம். போனது திரும்பி வருவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 2007 ஜனவரி 10 அன்று ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.ஆர்.இ.-1 என்ற 550 கிலோ கலம், ஜனவரி 22 அன்று வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. சூட்டுக் கவசமாக மூக்கில் கார்பன் ஃபீனாலிக் மூடி, மற்ற இடங்களில் சிலிக்கா ஓடுகள். எங்கே எவ்வளவு கனம் வேண்டும் என்று முன்பே கணித்தாக வேண்டும். கனம் குறைந்தால் கலம் போச்சு, கூடினால் அத்தனையும் வீண் சுமை.

காற்றோடு உரசித்தான் கலம் சுடுகிறது என்பார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. நொடிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது முன்னாலிருக்கும் காற்றுக்கு விலக நேரமில்லை, அப்படியே நசுங்குகிறது. சைக்கிள் பம்பின் அடி சுடுகிறதே, அதே கதைதான். மூக்கு கூர்மையாக இருந்தால் நல்லது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஆலன் அதைத் தலைகீழாக்கினார். மூக்கு மழுங்கலாக இருந்தால், நசுங்கிய காற்றின் முன்விளிம்பான அதிர்வலை கலத்தைவிட்டு விலகி நிற்கும், பெரும்பாலான சூடு காற்றோடு போய்விடும்.

சூடு ஏறும் வீதம் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப்படி கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சூடு எட்டு மடங்கு. நிலாவிலிருந்து திரும்பும் கலம் நொடிக்கு 11 கிலோமீட்டரில் வரும். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, சூடு மூன்று மடங்கை நெருங்கிவிடுகிறது.

இதுவரை கணக்கு சுலபம். அப்புறம்தான் தலைவலி. அந்தச் சூட்டில் காற்றின் மூலக்கூறுகளே உடைகின்றன. உடைந்த அணுக்கள் கவசத்தின் மேல் மறுபடி சேர்ந்தால் அங்கேயும் சூட்டைக் கொட்டும். எவ்வளவு சேரும் என்பது கவசப் பொருளைப் பொறுத்தது. 1995இல் நொடிக்கு 47 கிலோமீட்டரில் வியாழனுக்குள் நுழைந்த கலிலியோ ஆய்வுக்கலத்தில் கிட்டத்தட்ட பாதி எடை கவசம்தான். கருவிகள் காட்டியது என்ன? கவசத்தின் மூக்கு கணித்ததைவிடக் குறைவாகத் தேய்ந்திருந்தது, ஓரத்துத் தோள்பட்டை அதிகமாக.

நிலாப் பக்கம் போய் 2022 டிசம்பரில் திரும்பிய நாசாவின் ஓரியன் கலம் இன்னும் விசித்திரம். வளிமண்டலத்தில் தொட்டு, கொஞ்சம் மேலெழும்பி, மறுபடி இறங்கியது. நடுவில் சூடு தணிந்த நேரத்தில்தான் வினை. கவசத்துக்குள் உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, கவசத்தின் கருகிய மேல்பகுதியான கரி துண்டு துண்டாகப் பெயர்ந்தது. தரைச் சோதனைகளில் அதைவிடக் கடுமையாகச் சுட்டுப் பார்த்திருந்தார்கள். அந்தச் சூட்டில் கரியில் வாயு போக வழி உண்டாகிவிட்டதால், இந்தக் கோளாறு கண்ணில் படவே இல்லை. அதிகச் சூட்டைத் தாங்கினால் குறைந்த சூட்டையும் தாங்கும் என்று நானும் நீங்களும்கூட அப்படித்தானே நினைத்திருப்போம்?

நம் ஊர்ப்பக்கமிருந்து 2014 டிசம்பர் 18 அன்று போன கேர் கலம் 126 கிலோமீட்டர் உயரம் போய், அந்தமான் பக்கம் கடலில் இறங்கியது. பூமியைச் சுற்றாமலே திரும்பியதால் அதன் வேகமும் குறைவு, மும்மடிக் கணக்கில் சூடு அதைவிடக் குறைவு. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்தில் ஆள் ஏறும் முன் ஆளில்லாத கலத்தைச் சுற்றுப்பாதைவரை அனுப்பித் திரும்பவைக்க வேண்டியிருப்பது இதனால்தான். நன்றி, வணக்கம்.